கிளெமென்றின் பன்னிரண்டு தட்டு ராக்கு

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஐந்து நாள் லீவு போட்டுக் கட்டிய, பாட்டுப் பெட்டிகளை அடுக்கும் தன் புது ராக்குக்குக் கிளெமென்ற் முதல் தடவையாகக் கரண்ட் கொடுத்தான். ஸ்பீக்கரில் பாட்டு வரவில்லை. "ம்ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல்தான் வந்தது.

"ரொஷேல், ஓடி வா! உயிர் வந்திட்டுது!"

குசினியிலிருந்து தலையை மட்டும் நீட்டிய மனைவி இரண்டு விநாடி காது கொடுத்துக் கேட்டாள். "உயிர் வந்த மாதிரித் தெரியேல்ல. வயித்துக்குத்து வந்த மாதிரிக் கிடக்கு."

"அது சின்ன விசயம். ஒரு வயர்தான். பத்து நிமிசம்."

கிளெமென்றின் பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று பதினேழு வருடமாகப் பார்த்தவள் ரொஷேல். உள்ளே போய் அவனுடைய கறுப்பு சேர்ட்டை வாஷிங் மெஷினுக்குள் போட்டாள். முதுகில் வெள்ளி எழுத்தில் "டிஜே கிளெம்" என்று அடித்த சேர்ட். பின்னேரம் ஐந்து மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு அவன் வெள்ளவத்தையில் நிற்க வேண்டும்.

திங்கள் முதல் வெள்ளி வரை கிளெமென்ற் ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் யார்டில் கேட் கிளார்க். வருகிற லொறியின் நம்பரை எழுதுவான். போகிற லொறியின் நம்பரை எழுதுவான். அவ்வளவுதான். சனி ஞாயிறு வந்தால்தான் அவனுக்கு இரத்தம் ஓடும். ஸ்பீக்கரையும் லைட்டையும் ஏற்றிக்கொண்டு கலியாணம், பிறந்தநாள் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய் ஆட வைப்பான். இந்த இரண்டு நாளை ஏழு நாளாக்க வேண்டும், யார்டு மனேஜர் கையில் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. கடிதம் எழுதி ஆறு வருடம் ஆகிவிட்டது. திகதி மட்டும்தான் போடவில்லை.

அந்தத் திகதி இப்போது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. போன வாரம் வெள்ளவத்தையில் ஒரு பெரிய ஹோலின் மனேஜர் ஸவாஹிர் கோல் எடுத்திருந்தார். கிளெமென்ற் அவரை "நானா", அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவான்.

"கிளெமென்ற், வார சனிக்கிழம அஞ்சு மணிக்கு ஒரு கலியாணம் ஈக்கு. பார்ட்டி உங்களைத்தான் வேணும் எண்டு நிக்குறாங்க. நான் மிதுஷன்ட பேரச் செல்லியும் பாத்தேன். வாணாமாம்."

கிளெமென்றுக்குக் கால் தரையில் பாவவில்லை. மிதுஷன் என்றால் சும்மாவா? கொழும்பில் பாதிக் கலியாணம் அவன் கையில். வெளிநாட்டு லைட், மூன்று உதவியாள், தனி வேன். அவன் வேண்டாம், கிளெமென்ற்தான் வேண்டும் என்று ஒரு பார்ட்டி அடம் பிடிக்கிறது!

"இது நல்லபடியா முடிஞ்சா அடுத்த மாசத்துலேந்து எங்கட ஹோல் வேல எல்லாம் உங்களுக்குத்தான். வாசல்ல உங்கட போர்டும் மாட்டுவோம். பெரிசா ஒண்டுமில்ல, சின்ன வேலதான். பார்ட்டி வந்து..."

"என்னட்ட சின்ன வேலை எண்டு ஒண்டு இல்ல நானா! மேடைக்குப் பக்கத்தில பிளக் பேஸ் எத்தனை?"

"நாலு ஈக்கு. கிளெமென்ற், அண்டைக்குக் கொண்டு வந்த அதே சாமான்தானே கொண்டு வருவீங்க? ஏனெண்டா பார்ட்டி..."

"அதே சாமானோ! நானா, அதை அடியோட மறந்திடுங்கோ. எல்லாம் புதுசாச் செய்துகொண்டு வாறன்!"

சொல்லிவிட்டு ஃபோனை வைத்தான். "அதே சாமான்" என்றதும் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. தைக்காதா பின்னே? போன மாதம் அதே ஹோலில் ஒரு நகைக்கடை முதலாளியின் வெள்ளி விழா. நாலாவது பாட்டில், முந்நூறு பேர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, பழைய ராக்கில் எதுவோ புகைந்து பாட்டும் நின்றது, லைட்டும் நின்றது. உயிரோடு மிஞ்சியது ஒரே ஒரு பழைய மைக். 

மைக்கைக் கண்டால் மாமாமார் சும்மா இருப்பார்களா? ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்தார்கள். ஒன்பது மாமா, இரண்டு மணித்தியாலம், ஒரே வாழ்த்துரை. டிஜே கிளெம் தலையைக் குனிந்துகொண்டு அந்த மைக்கைக் கைக்குக் கை மாற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து மைக் என்றாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அண்டைக்கு அவ்வளவு நடந்த பிறகும் உங்களையே கேக்கினமெண்டா, அது ஆர் அப்பிடியொரு ஆக்கள்? ஆர்ட கலியாணம்?" என்று ரொஷேல் அப்போதே கேட்டாள்.

"முப்பது அம்பியர் லைன், ரொஷேல்! முப்பது!"

"நான் மாப்பிளை பொம்பிளையைக் கேட்டனான்."

"மேடை இருபத்தினாலு அடி அகலம்!"

அத்தோடு அவளும் விட்டுவிட்டாள்.

அப்படிப் பிறந்ததுதான் இந்த ராக்கு. உருட்டிப்போகச் சில்லுப் பூட்டிய கறுப்புப் பெட்டி, பன்னிரண்டு தட்டு, முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு, அடியில் இழுத்துத் திறக்கிற ஒரு லாச்சி. கீழ்த்தட்டுகளில் பாரமான அம்ப்ளிஃபயர்கள், அதற்கு மேலே லைட்டுகளை ஆட்டுவிக்கிற பெட்டி, உச்சியில் மிக்ஸர். வேறு இடம் கிடைக்காமல் ஏழாம் தட்டில் அந்த மைக்கின் பெட்டி. பழைய ராக்குக்குப் பத்தொன்பது பிளக். புது ராக்குக்கு ஒன்றே ஒன்று. போனதும் அந்த ஒரு பிளக்கைக் குத்த வேண்டியது, ஆட வேண்டியது. இந்த யோசனை வந்த அன்று கிளெமென்ற் சந்தோசத்தில் சாப்பிடக்கூட இல்லை.

இப்போது அது முனகிக்கொண்டிருந்தது.

வயர்களை இடம் மாற்றிப் பார்த்தான். இடப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் இருந்த முனகல் இரண்டு பக்கமும் வந்தது. "பாத்தியோ, ஸ்டீரியோவில வருது!" என்று பெருமைப்பட்டான். பத்தரை மணியானதும் பெருமை தீர்ந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான்.

எதிர்வீட்டு ஜெயகுமார் லிஃப்ட் மெக்கானிக். அட்டன் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வந்து இருபது வருடம். நகரத்திலுள்ள லிஃப்டில் பாதியின் குடலும் அவனுக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் இவர்கள் இருக்கிற தொடர்மாடிக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது. தினமும் மூன்று மாடி நடந்து ஏறுவான்.

"என்னாண்ணே, காலையிலேருந்து மாடு கத்துற மாதிரி கேக்குது?"

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டனான். ஜெயா, இது என்ர வாழ்க்கை. அஞ்சு மணிக்கு நான் அங்க நிக்கோணும்."

ஜெயகுமார் வைத்தியர் வயிற்றை அமத்திப் பார்ப்பதுபோல ஒவ்வொரு வயராகக் கழற்றிக் கழற்றிக் காது கொடுத்தான். ஏழாம் தட்டில் கை வைத்ததும் முனகல் சட்டென்று நின்றது.

"இந்தா, ஆள் சிக்கிட்டான். மைக் பொட்டியோட அடாப்டர் பாட்டு வர்ற வயர் மேலேயே குந்திக்கிட்டு இருக்குண்ணே. நாலு விரக்கட தள்ளி வச்சா சரியாப் போயிரும்."

"தள்ளி வைக்கிறதோ? கழட்டு!" கிளெமென்றுக்கு முகமெல்லாம் பல். "இவன் துரோகி எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். கழட்டி எறி!"

"மைக் இல்லாமலா போகப் போறீங்க?"

"ஜெயா, கேள். மைக் இருந்தா மாமாமார் வருவினம். மாமாமார் வந்தா ஆட்டம் போயிடும். மைக் இல்லையோ, இரவு முழுக்க ஆட்டம்தான்! இந்தக் காலத்தில ஆர் கலியாண வீட்டில பேச்சுக் கேக்கினம்?"

"பொம்பிளை மாப்பிளையை மேடைக்குக் கூப்பிடவும் மைக் வேணாமோ?" என்றாள் குசினியிலிருந்து ரொஷேல்.

"புகையால கூப்பிடுவன்!"

சொன்ன வாயோடு அந்த வேலையும் நடந்தது. காலியான ஏழாம் தட்டில் புகை மெஷினைத் தூக்கி வைத்தான். அளவெடுத்துச் செய்தது மாதிரிப் போய் உட்கார்ந்தது. கிளெமென்ற் ஜெயகுமாரைக் கட்டிப்பிடித்தான். ரொஷேல் வந்து, நிலத்தில் கிடந்த மைக்கையும் அதன் பெட்டியையும் துடைத்து, ராக்கின் அடி லாச்சிக்குள் வைத்து மூடினாள்.

"இப்ப பார் ரொஷேல்! ஒரே பிளக்! ஒண்டு... ரெண்டு... மூண்டு!"

டப்.

ஃபேன் நின்றது. ஃப்ரிட்ஜ் நின்றது. அரைவேக்காட்டில் சோறு நின்றது. குசினிக்குள் தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினும் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

"இஞ்ச பாருங்கோ, மெஷின் கதவு திறக்குதில்ல!" ரொஷேல் சத்தம் போட்டாள். "உங்கட சேர்ட் உள்ளுக்க மாட்டிட்டுது!"

கிளெமென்ற் ஓடிப்போய்ப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால், நுரைத் தண்ணீரில் "டிஜே கிளெம்" மிதந்துகொண்டிருந்தது. ட்ரிப் சுவிட்சைத் தூக்கினார்கள். வீட்டுக்குக் கரண்ட் வந்தது. வாஷிங் மெஷினுக்கு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸவாஹிர் கோல் எடுத்தார்.

"கிளெமென்ற், எல்லாம் சரியா? பார்ட்டி திருப்பியும் கேக்கச் செல்லினாங்க, அந்த..."

"எல்லாம் ரெடி நானா! நீங்க போர்டுக்கு ஆணி அடியுங்கோ!"

வைத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தான். "ஜெயா, அடுத்தது என்ன?"

"எல்லாத்தையும் ஒரேயடியா போட்டா தாங்காதுண்ணே. ஒன்னு ஒன்னா எழும்பணும். நம்ம லிஃப்ட்ல அப்புடித்தான்." ஜெயகுமார் தன் வேலைப் பையைக் கொண்டுவந்து கொட்டினான். பழைய லிஃப்டில் கழற்றிய குட்டிக் குட்டிச் சுவிட்சுகள். இரண்டு மணி நேரம் இரண்டு பேரும் வயிறு நிலத்தில் பட ஊர்ந்தார்கள். வயர் வெட்டினார்கள், முறுக்கினார்கள், பற்றவைத்தார்கள். சோறு கேட்கவில்லை. ரொஷேல்தான் பாணும் சம்பலும் வாயில் திணித்தாள்.

இரண்டு மணிக்கு ஜெயகுமார் கதவைச் சாத்த, மறுபடியும் பிளக்கைக் குத்தினார்கள்.

டக். அம்ப்ளிஃபயரில் பச்சை லைட். டக். மிக்ஸரில் நீல லைட். டக். புகை மெஷின் சிவப்பாக முழித்தது. டக், டக், டக் என்று பன்னிரண்டு தட்டும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. முனகல் இல்லை. கரண்டும் போகவில்லை. முன்கூட்டியே போட்டு வைத்திருந்த பாட்டு தானாகத் தொடங்கியது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழ் மாடியில் யாரோ விசிலடித்தார்கள். கிளெமென்ற் ரொஷேலின் கையைப் பிடித்து இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றினான். ஜெயகுமார் ஸ்க்ரூ ட்ரைவரை வைத்துக்கொண்டு தனியாக ஆடினான்.

ஆட்டத்தில் ரொஷேலின் முழங்கை பட்டு ராக்கின் கதவு திறந்துகொண்டது. எல்லாம் அணைந்தது.

"என்னடா இது?"

"கதவு தொறந்திருச்சுல்லண்ணே. தொறந்தா நின்னுரும். நாந்தான் கதவுல ஒரு சுவிட்ச் வச்சேன்." ஜெயகுமார் பெருமையாகச் சொன்னான். "கதவு சாத்தாம லிஃப்ட் கெளம்பவே கூடாது. இருபது வருசமா எங்கையால ஒரு ஆளுக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல."

"ஜெயா, மிக்ஸர் கதவுக்கு உள்ளுக்கெல்லோ இருக்கு! கதவைச் சாத்தினா நான் எப்பிடிப் பாட்டு மாத்துறது?"

ஜெயகுமார் யோசித்தான். "அது நான் யோசிக்கலண்ணே. லிஃப்டுல பாட்டு மாத்த மாட்டாங்க."

கழற்ற நேரமில்லை. கதவு சாத்தியிருப்பதாகச் சுவிட்சை நம்பவைக்க, உடுப்புக் காயப்போடுகிற கிளிப் ஒன்றை மாட்டினார்கள். பாட்டுப் போட்டார்கள். பேஸ் அடித்த அடியில் கிளிப் பறந்து சுவாமிப் படத்தில் பட்டு விழுந்தது. ராக்கு அணைந்து, முதலிலிருந்து டக், டக் என்று எழும்பியது. இரண்டு கிளிப் போட்டார்கள். இரண்டும் பறந்தன. கடைசியில் ரொஷேல் தன் கொண்டையிலிருந்த ரப்பர் பான்டைக் கழற்றிக் கொடுத்தாள். அது நின்றது.

"என்ர ராசாத்தி! போர்டில உன்ர பேரையும் போடுறன்!" என்றான் கிளெமென்ற்.

மணி மூன்று. கீழே லொறி வந்து ஹோர்ன் அடித்தது. ராக்கை நகர்த்தப் போனபோதுதான் அது என்ன பாரம் என்று தெரிந்தது. லொறிக்காரன், ஜெயகுமார், கிளெமென்ற், கீழ் வீட்டில் விசிலடித்தவர் என்று நாலு பேர் பிடித்தும் படி படியாக முக்கிக்கொண்டுதான் இறக்க முடிந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் ராக்கு மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் சிக்கிக்கொண்டது.

"மஹத்தயா, மேக்க யன்னே நே," என்றான் லொறிக்காரன் சிங்களத்தில். ஐயா, இது போகாதாம்.

"போகும்! போகோணும்!" கிளெமென்ற் குனிந்து பார்த்தான். அடி லாச்சியின் கைப்பிடி இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டு சுவரில் இடித்தது. "லாச்சியை உருவு!"

"அதுக்குள்ள மைக் கிடக்கு!" மேல் படியில் அவிழ்ந்த கூந்தலோடு ரொஷேல்.

"அண்டைக்கும் கழுத்தறுத்தது, இண்டைக்கும் வழி மறிக்குது. லாச்சியோட வீட்டிலயே கிடக்கட்டும்!"

லாச்சியை உருவினார்கள். ராக்கு வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதையும் கிளெமென்ற் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டான்.

லொறியில் ஏறும்போதுதான் தன் உடம்பைப் பார்த்தான். பெனியன். கறுப்பு சேர்ட் இன்னும் நுரைக்குள் கிடந்தது. ரொஷேல் ஒரு கையில் ஒரு வெள்ளை நீளக்கைச் சேர்ட்டும் மறு கையில் ஒரு ஷொப்பிங் பையுமாக ஓடி வந்தாள்.

"கோயிலுக்குப் போடுற சேர்ட். இப்போதைக்கு இதைப் போடுங்கோ. மைக்கை இந்தப் பைக்குள்ள வச்சிருக்கிறன். மடியில வச்சுக்கொண்டு போங்கோவன்."

"ரொஷேல், உனக்கு இதில ஏன் இவ்வளவு பாசம்? நீயே வச்சு ஒரு பாட்டுப் பாடு." பையை அவள் கையிலேயே திருப்பி மாட்டிவிட்டான்.

"ஆர்ட கலியாணம் எண்டாவது கேட்டனீங்களோ?"

"முப்பது அம்பியர்!" என்று கத்திக்கொண்டே போய்விட்டான்.

காலி நகருக்குப் போகிற பெருவீதியின் நெரிசலில் லொறி ஊர்ந்து ஊர்ந்து ஹோலுக்குப் போய்ச் சேர நாலேகால். வாசலில் நின்ற காவல்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்து, "ஷா, நல்ல உடுப்பு மஹத்தயா. இண்டைக்கு எல்லாரும் வெள்ளைதான்," என்று அரைத் தமிழில் சொன்னார். கிளெமென்றுக்கு அதுவும் குளிர்ந்தது. ஸவாஹிர் பின்கட்டில் சாப்பாட்டு வேலையில் நிற்பதாகச் சொன்னார்கள். நல்லது, எல்லாம் முடிந்த பிறகு வந்து பார்த்து அசந்து போகட்டும்!

ஹோலுக்குள் போனதும் அவனுக்கு வாய் பிளந்தது. எங்கே பார்த்தாலும் வெள்ளைப் பூ. மேடையில் தங்கநிறக் கதிரைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, மேடையடியிலிருந்து வாசல் வரைக்கும் கதிரைகளை இரண்டாகப் பிரித்து, ஆளுயரத்துக்கு ஒரு நீள வெள்ளைத் திரை.

"ஜெயா, பாத்தியோ!" ஒத்தாசைக்கு வந்த ஜெயகுமாரின் தோளில் ஓங்கி அடித்தான். "லைட் விழுறதுக்கெண்டே துணி கட்டி வச்சிருக்கினம்! நாற்பதடி! விவரமான பார்ட்டியடா!"

"அது வேற எதுக்கோ மாதிரி தெரியுதுண்ணே."

"வேற எதுக்கு? வெள்ளைத் துணி வேற எதுக்கு?"

ஸ்பீக்கரைத் தூக்கி வைத்தார்கள். லைட்டுகளைத் திரையைப் பார்க்கத் திருப்பினார்கள். வழக்கமாக இரண்டு மணித்தியாலம் பிடிக்கிற வேலை பதினெட்டு நிமிடத்தில் முடிந்தது. கிளெமென்ற் அந்த ஒற்றைப் பிளக்கைக் கையில் எடுத்தான். சிலுவை போட்டுக்கொண்டான். குத்தினான்.

டக். டக். டக். டக்.

ஒரு முனகல் இல்லை, ஒரு தடங்கல் இல்லை. பன்னிரண்டு தட்டும் எழும்பி நின்றன. கிளெமென்ற் தன்னிடம் இருந்ததிலேயே பெரிய குத்துப் பாட்டைத் தட்டிவிட்டான். ஹோல் குலுங்கியது. பச்சையும் சிவப்பும் ஊதாவும் வெள்ளைத் திரையில் ஓடின. ஏழாம் தட்டிலிருந்து புகை பொங்கிப் பூக்களை மூடியது. அப்படியொரு சத்தத்தை, அப்படியொரு ஒளியைக் கிளெமென்ற் தன் வாழ்நாளில் உண்டாக்கியதில்லை. கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

கால்சட்டைப் பொக்கெற்றிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தான். ஆறு வருடக் கடிதம், மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. ராக்கின் மேலே வைத்து, பச்சை லைட் வெளிச்சத்தில் திகதி போட்டான். படம் பிடித்து யார்டு மனேஜருக்கு வட்ஸ்அப்பில் தட்டிவிட்டான். இரண்டு நீலக் கோடு விழுந்தது.

"முடிஞ்சுது ஜெயா! இனி லொறி நம்பர் எழுதுறவன் வேற ஆள்!"

அப்போதுதான் புகைக்குள்ளிருந்து ஸவாஹிர் வெளிப்பட்டார். இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். கிளெமென்றும் சந்தோசமாகக் கையை ஆட்டினான்.

"நிப்பாட்டுங்க! கிளெமென்ற், நிப்பாட்டுங்க!"

"என்ன நானா, கேக்கேல்ல!"

"நிப்பாட்டுங்க எண்டு செல்றேன்!"

கிளெமென்ற் பிளக்கை இழுத்தான். ஒரே பிளக் அல்லவா, எல்லாம் ஒரே இழுவையில் நின்றது. அந்த அமைதியில், திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் இருமுகிற சத்தம் கேட்டது. புகை கொஞ்சம் விலக, இந்தப் பக்கம் வாசலில் வெள்ளைத் தொப்பி போட்ட முப்பது நாற்பது பேர் அசையாமல் நிற்பது தெரிந்தது.

ஸவாஹிருக்கு மூச்சு வாங்கியது. "நான் எத்தன தரம் செல்ல வந்தேன்? ஒரு தரமாச்சும் செல்ல உட்டீங்களா? இது ஹாஷிம் ஹாஜியார்ட பேத்திட நிக்காஹ். பாட்டு, லைட்டு, புகை ஒண்டுமே இல்லாத கலியாணம்!"

கிளெமென்ற் திரையைப் பார்த்தான். தன் லைட்டுகளைப் பார்த்தான். ஜெயகுமாரைப் பார்த்தான். ஜெயகுமார் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நானா..." கிளெமென்ற் கையிலிருந்த பிளக்கைக் கீழே வைத்தான். "பாட்டு இல்லாத கலியாணத்துக்கு, மிதுஷனையும் வேணாமெண்டு, என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?"

ஸவாஹிர் விலகி நின்றார். பின்னாலிருந்து கைத்தடியை ஊன்றிக்கொண்டு, எண்பது வயதிருக்கும், ஹாஜியார் வந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. காதுக்குப் பின்னாலிருந்த மெஷினைத் திருகிக்கொண்டு, கிளெமென்றின் வெள்ளைச் சேர்ட்டில் அன்பாகக் கை வைத்தார். ஏழாம் தட்டில் இன்னும் கொஞ்சம் புகை வந்துகொண்டிருந்தது.

"மகன், போன மாசம் இதே ஹோல்ல உங்கட பாட்டு நிண்ட பொறவு ஒம்பது பேரு பேசினாங்களே, என்ட செவிட்டுக் காதுக்கு ஒரு சொல்லு தவறாமக் கேட்டிச்சு, மௌலவி வந்துட்டாரு, அந்த மைக்க மட்டும் எடுத்துத் தாங்க."